முன்கண்ணாடியில் வைத்த சந்தனம்

என் மகளை யாரை நம்பிப் பள்ளிக்கு அனுப்புவது என்பதுதான் சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் தீராத பேச்சாக இருந்தது. அவளுக்கு நான்கு வயது. வாகட் என்ற பகுதியில் உள்ள எங்கள் குடியிருப்பிலிருந்து பாணேர் பகுதியிலிருக்கும் பள்ளிக்கு, நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம் என்பார்கள். நெரிசல் இல்லாத காலையை நான் இன்னும் பார்க்கவில்லை. தண்ணீர் டேங்கரும் சிமெண்ட் கலவை லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஒரே திருப்பத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நடுவே ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி குழந்தைகள் போவார்கள்.

அவளை அழைத்துப் போக ஒரு வேன் இருந்தது. அதை ஓட்டுபவரைக் குழந்தைகள் காகா என்று கூப்பிட்டார்கள். இந்த மராத்தி ஊரில் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெற்றோர்களும் அப்படியே கூப்பிட்டோம். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். குழந்தைகள் ஏறி முடித்ததும் வேனை ஒரு சுற்று சுற்றி வருவார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் முதல் மாதம் முழுக்க நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கீழ நாய்க்குட்டி படுத்திருக்கும் தாயி. சில சமயம் நாய்க்குட்டியப் பிடிக்க ஒரு குழந்தையும் உள்ள போயிருக்கும்" என்றார்.

அவர் பேசுவது மராத்தி கலந்த ஹிந்தி. நான் பேசுவது அரைகுறை ஹிந்தி. இரண்டையும் இங்கே தமிழில் எழுதுகிறேன். தாயி என்று அவர் சொல்வது அக்கா என்ற பொருளில். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

இப்படிப்பட்டவரை ஏன் சந்தேகித்தாய் என்று யாராவது கேட்டால் என் படிப்பைத்தான் சொல்வேன். நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். ஒரு காரியம் எத்தனை வழிகளில் தவறாகப் போகும் என்று எண்ணிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அவருக்கு வழியில் நெஞ்சு வலித்தால்? வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த காலையாக இருந்தால்? வேன் கிளம்பிப் பத்து நிமிடத்தில், பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் "போய்ச் சேர்ந்தார்களா?" என்று எழுதுவேன். மற்ற அம்மாக்கள் என்ன நினைப்பார்களோ என்று உடனே அழித்துவிடுவேன். அழித்தது தெரியும்படி அது ஒரு வரி காட்டும். அதற்கும் கவலைப்படுவேன்.

இந்தக் கவலைக்கெல்லாம் என் கணவரிடம் ஒரு மருந்து இருந்தது. அவருக்கு ஹிஞ்சவடியில் வேலை. காருக்குச் சாலையைப் பார்க்கக் கற்றுத்தரும் மென்பொருளைச் சோதிப்பவர். நாள் முழுக்கச் சாலைக் காட்சிகளாகப் பார்ப்பார். ஆட்டோவின் மேல் கட்டியிருந்த மெத்தையைக் கணினி சுவர் என்று நினைத்துக்கொண்டதையும், தலைநிறையப் புல்கட்டோடு சாலையைக் கடந்த பெண்ணை மனுஷி என்று சரியாகக் கண்டுகொண்டதையும், பிள்ளை பள்ளியில் பாட்டுப் பாடிய கதையைப் போலச் சாப்பிடும்போது சொல்வார்.

"மனுசனுக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. அதுலயும் ஒண்ணு போன்ல. இது இமைக்கறதே இல்ல அம்மிணி. தூக்கம் வராது, கோவம் வராது."

"முழுசா தானா ஓடற காரு நம்ம ஊருக்கு வருமாங்க?"

"காரு தயாராயிரும். வாகட் ரோடு எப்பத் தயாராகும்னுதான் தெரியல."

"வந்தா அதுல பாப்பாவத் தனியா அனுப்புவீங்களா?"

சாப்பிடுவதை நிறுத்திச் சற்று யோசித்தார். "நீ ஓட்டிக் கூட்டிட்டுப் போறதுக்கு அதுல அனுப்பிரலாம்" என்றார். கோயம்புத்தூரில் படிக்கும்போது உரிமம் வாங்கியதோடு சரி. நான் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

சென்ற ஜூனில் நாங்கள் வாங்கிய கார் தானே ஓடுவதல்ல. ஓட்டுபவர் கவனம் தவறினால் தானே பிரேக் போடும், அவ்வளவுதான். முன்கண்ணாடியின் உச்சியில், நடுவில், உள்பக்கமாக ஒரு சிறு கேமரா இருந்தது. அந்தக் கேமராவின் தைரியத்தில்தான் நான் ஓட்டிப் பழகினேன். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பாணேரில், நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரியவர் குடையை மடக்கிக்கொண்டே சாலையில் இறங்கினார். கார் சட்டென்று நின்றது. நான் நிறுத்தவில்லை. என் கால் அப்போதும் ஆக்சிலேட்டரின் மேல்தான் இருந்தது. பெரியவர் திரும்பி எனக்குக் கைகாட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் செய்யாத நல்ல காரியத்துக்கு நானும் தலையாட்டினேன். பக்கத்து இருக்கையிலிருந்த என் கணவர் கையை நீட்டிக் கேமராவைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு வந்தது வியப்பு மட்டுமல்ல, ஏறக்குறைய பக்தி. அதுதான் வினையாயிற்று.

ஆயுத பூஜை வந்தது. இங்கே மறுநாள் தசராவுக்குத்தான் எல்லோரும் வண்டிகளுக்குச் சாமந்தி மாலை போடுவார்கள். எங்கள் வழக்கப்படி நான் முதல் நாளே காரைக் கழுவி, நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குழைத்தேன். எங்கே பொட்டு வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அந்தப் பெரியவரைக் காப்பாற்றிய இடம் எது என்று எனக்குத் தெரியும். முன்கண்ணாடியின் உச்சியில், நடுவில், கேமராவுக்கு நேர் வெளியே மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம் இழுத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். கேமராக்களோடே வாழும் என் கணவர் தேங்காயைச் சுற்றி உடைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கைகூப்பினார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை, ஏழு மணிக்கு முன்பே காகாவின் அழைப்பு வந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"தாயி, இன்னைக்கு வேன் வராது. ராத்திரி சளிக்கு மாத்திரை போட்டேன். எந்திரிச்சுட்டேன், ஆனா கண்ணு இன்னும் கனமா இருக்கு. ஓட்டமாட்டேன்."

"ஒரு டீ குடிச்சுப் பாருங்களேன் காகா."

"ரெண்டு குடிச்சுட்டேன். போகல."

"வேற யாரையாவது ஓட்டச் சொல்லக்கூடாதா?"

"என் வேன்ல இருக்கறது குழந்தைங்க தாயி. யாரோ ஒருத்தன்கிட்ட சாவியக் கொடுக்க மாட்டேன்."

அந்தப் பருவத்தில் இது மூன்றாவது முறை. ஒருமுறை தலைசுற்றல் என்றார். இன்னொருமுறை, பிரேக் மிதித்தால் ஏதோ புதிதாகச் சத்தம் வருகிறது, பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்றார். குழு கொதித்துவிட்டது. ஒரு அம்மா புதிய பஸ் சேவை ஒன்றைப் பற்றி எழுதினார். எங்கே போகிறது என்று போனில் பார்க்கலாம், இரண்டு ஓட்டுநர்கள், லீவே கிடையாது. மாறலாமா என்று கேட்டார். நான் ஒரு கையில் தோசைக் கரண்டியோடு எழுதினேன்: "மாறலாம். இவரை நம்பி எதையும் திட்டமிட முடிவதில்லை." அனுப்பியும்விட்டேன். அன்று அழிக்கவில்லை.

கணவர் கம்பெனி பஸ்ஸில் கிளம்பிப் போயிருந்தார். நான் மகளைப் பின்இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் காரைக் கிளப்பினேன். ஒரு மணி ஒலித்து, மீட்டர் பக்கத்தில் மஞ்சள் எழுத்து வந்தது: முன் கேமரா மறைந்திருக்கிறது, பிரேக் உதவி இல்லை. தூசியாக இருக்கும் என்று நினைத்தேன். வாகட்டில் கட்டடம் எழும்பாத தெரு கிடையாது; துடைத்த மேசை அடுத்த ஒரு மணி நேரத்தில் வெள்ளையாகிவிடும். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று கிளம்பினேன். பெரிய சாலைக்கு வந்ததும் அதே மணி, அதே எழுத்து. சரி, கழுவிவிடுவோம் என்று கண்ணாடிக்குத் தண்ணீர் அடித்து வைப்பரைப் போட்டேன்.

காய்ந்திருந்த சந்தனம் கரைந்து கண்ணாடி முழுக்க மஞ்சளாக இழுத்துக்கொண்டு வந்தது. அந்த மஞ்சளுக்கு அப்பால் ஒரு தண்ணீர் டேங்கர். அதன் சிவப்பு விளக்குகள் எரிந்தன.

இதை உள்ளபடி எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு டேங்கர் தெரியாமல் இல்லை. மங்கலாகத் தெரிந்தது. அது நின்றுவிட்டதும் தெரிந்தது. நான் காத்திருந்தேன். கார் நிறுத்தும் என்று, உதவி இல்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்ட காரை நம்பி, காலை அசைக்காமல் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு என் கால் தானாகப் போய் பிரேக்கை முழுக்க மிதித்தது. டேங்கரின் பின்னால் ஒரு முழ இடைவெளியில் நின்றோம். வெளியே நீண்டிருந்த அதன் குழாயிலிருந்து எங்கள் பானெட்டின் மேல் தண்ணீர் சொட்டியது. மகளின் தண்ணீர் பாட்டில் உருண்டு என் காலடிக்கு வந்தது.

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "காகா இப்படி பிரேக் போட மாட்டாரு. ஹளு ஹளு போவாரு." ஹளு ஹளு என்றால் மெல்ல மெல்ல. அழவில்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

ஓரமாக நிறுத்தி, அவள் டிபன் பையிலிருந்த கைத்துண்டை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துண்டில் மஞ்சளும் குங்குமச் சிவப்பும் ஏறியதைப் பார்த்த பிறகுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. மீண்டும் கிளப்பியபோது மஞ்சள் எழுத்து இல்லை. பள்ளி வரை மாட்டுவண்டி வேகத்தில் போனேன். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லோரும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளை வகுப்பில் விட்டுவிட்டு வந்து கணவரைப் போனில் அழைத்தேன்.

"நீங்க சொன்ன காரு நிக்கலீங்க."

நடந்ததை முழுக்கக் கேட்டார். முதலில், "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "உள்ள ஏறுனதும் எதாச்சும் சொல்லுச்சா?" என்றார்.

"சொல்லுச்சு. ரெண்டு தடவ."

"அப்ப அது பண்ண வேண்டியதப் பண்ணிருச்சு அம்மிணி. தெரியாதப்ப தெரியலன்னு சொல்ல வைக்கறதுக்குத்தான் நாங்க அத்தன பேரு மண்டைய உடைச்சுக்கறோம். தெரிஞ்ச மாதிரி ஓட்டறதுதான் ஆபத்து." கடைசியாக, "நானும் அங்கதான் நின்னு கும்புட்டேன். எனக்கும் தோணல" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். இன்று என்னால் முடியாது என்று அன்று காலை என்னிடம் இரண்டு பேர் சொன்னார்கள். ஒன்று கார். இன்னொருவர், ஏழு மணிக்கு முன்பே எழுந்து இரண்டு டீ குடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் பிழைப்பை விட்டு, பதினொரு வீடுகளுக்குப் போன் செய்து திட்டு வாங்கியவர். தலைசுற்றலையும் பிரேக் சத்தத்தையும் வேறு யாராவது நம்மிடம் சொல்லியிருப்பார்களா என்று யோசித்தேன். சொல்லாமல் ஓட்டியிருந்தால் நமக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. நாமும் அவரை நம்பகமானவர் என்றிருப்போம். சொல்லியும் கேட்காமல் வண்டியை எடுத்தவள் நான் ஒருத்திதான்.

குழுவைத் திறந்தேன். காலையில் எழுதியதை இனி அழித்தும் பயனில்லை. என் வரிக்குக் கீழே ஐந்து பேர் மாறலாம் என்று எழுதியிருந்தார்கள். நான் நடந்ததை எழுதினேன். சந்தனம் முதல் டேங்கர் வரை, காத்திருந்ததையும் விடாமல். "ஓட்ட முடியாத நாளில் ஓட்டமாட்டேன் என்று சொல்பவரிடம்தான் என் மகளை அனுப்புவேன். காலையில் நான் எழுதியது தவறு" என்று முடித்தேன். நான்கு முறை திருத்திவிட்டு அனுப்பினேன்.

ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். ஒருவர் தனியாக எழுதி, நானும் என் ஸ்கூட்டரில் இப்படி ஒரு காலையைப் பார்த்திருக்கிறேன் என்றார். கடைசியில் ஏழு குழந்தைகள் வேனிலேயே தங்கினார்கள், நான்கு பேர் பஸ்ஸுக்குப் போனார்கள். அந்த நான்கில் நான் காலையில் எழுதிய வரி எத்தனை பேரைத் தள்ளியது என்று எனக்குத் தெரியாது. இப்போதும் அதை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு நாள் கழித்து வேன் வந்தது. காகா கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். காலி இருக்கைகளில் குழந்தைகளின் பைகளை அடுக்கினார். அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"உங்க கார் தானா பிரேக் போடுமாமே தாயி? பாப்பா சொன்னா."

"போடும் காகா."

"அதுக்குச் சளி பிடிச்சா?"

கிண்டல்தான் செய்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டார்.

"இன்னைக்கு எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிரும். நான்தான் கேக்கல" என்றேன்.

அவர் தலையசைத்தார். குடியிருப்பின் வாசலில் நின்றிருந்த எங்கள் காரைச் சற்று நேரம் பார்த்தார். "அப்ப நல்ல வண்டிதான்" என்றார். ஒரு ஓட்டுநர் இன்னொரு ஓட்டுநரைப் பற்றிச் சொல்வதைப் போல இருந்தது. பிறகு குழந்தைகளை எண்ணிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குனிந்து பார்த்தபடி வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

வேன் திருப்பத்தில் மறைந்ததும் வழக்கம்போல் போனை எடுத்தேன். போய்ச் சேர்ந்தார்களா என்று எழுதவில்லை. உள்ளே போய், அவள் விட்டுவிட்டுப் போன பாதித் தோசையைச் சாப்பிட்டேன்.