தானே புயலுக்குப் பின், கறுப்புக் காரில் சிதம்பரம்

2012 ஜனவரி 2, திங்கட்கிழமை. காலை ஒன்பது மணிக்குப் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலூருக்குள் நுழைந்தேன். புதுச்சேரியிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததால் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. சாலையோரத்தில் மின்கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. கம்பிகளை யாரோ சுருட்டி ஓரமாகத் தள்ளி வண்டி போக வழி செய்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை புயல் கரையைக் கடந்தது. என் தங்கை ஸ்டெல்லா சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியை. கணவர் மஸ்கட்டில். ஒரு மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறாள். வியாழன் இரவு, "காத்து பயங்கரமா அடிக்குதுண்ணா" என்றவளின் போன் அதோடு அணைந்துவிட்டது. மூன்று நாள் காத்திருந்துவிட்டு, சென்னையில் வாடகைக் கார் தேடினேன். "கடலூர் பக்கம்னா வண்டி வராது சார்" என்றார்கள். என்னிடம் இருந்தது என் கார் ஒன்றுதான்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு நிற ஜெர்மன் கார். கப்பலில் என்ஜினீயராகப் பதினாறு வருடம் வேலை பார்த்த பிறகு, ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்ததை வாங்கினேன். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனால் கார் தன் கதையையெல்லாம் யாருக்கும் சொல்வதில்லை, பளபளவென்று வந்து நிற்கிறது. முதன்முதலில் அதை நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஓட்டிப் போனபோது, "கப்பல்ல என்னத்தக் கடத்துறானோ" என்று பின்னால் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அதன் பிறகு ஊருக்குப் போனால் பஸ்தான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது. பால் இல்லை, கறுப்பு டீ பத்து ரூபாய். இரண்டு ரூபாய் மெழுகுவர்த்தியும் பத்து ரூபாய். கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி காரைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் போறீங்க?"

"சிதம்பரம்."

"இந்த வண்டியிலயா?" டம்ளரை என் கையில் கொடுத்த பிறகும் அவர் பார்வை காரிலிருந்து திரும்பவில்லை. "வழியெல்லாம் மறியல் சார். தண்ணி வர்ல, கரண்ட் வர்ல, ஜனங்க கொதிச்சிப் போய்க் கெடக்குது. பஸ்ஸ உட்டுடுறாங்க. இந்த மாதிரி வண்டின்னா மந்திரி வண்டின்னு நெனப்பாங்க. பாத்துப் போங்க."

அங்கிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். முதுநகர் தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள் குளிராக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். இவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

பத்தரை மணி இருக்கும். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. சாலைக்குக் குறுக்கே ஒரு பனைமரம் உருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் காலிக் குடங்களுடன் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அரிவாளோடு அப்படியே வந்து நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் போன இரண்டு பைக்குகளை ஓரமாக விட்டார்கள். என் காரைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள்.

பின்னால் எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் நாலு பேர் பின்னாலும் வந்துவிட்டார்கள். இறங்கினேன்.

"எந்தக் கட்சி?" என்றான் ஒருவன்.

"கட்சியெல்லாம் இல்லீங்க. கப்பல்ல வேலை. தங்கச்சி சிதம்பரத்துல தனியா இருக்குது. மூணு நாளா போன் கெடைக்கல."

"கப்பல்ல வேலையா? கப்பலே ஒன்னுதா?"

யாரும் சிரிக்கவில்லை. "வேடிக்கை பாக்க வந்திருக்கான்," என்றாள் ஒரு பெண். "நாங்க குடிக்கத் தண்ணியில்லாம சாவுறத ஏசி போட்டுப் பாத்துட்டுப் போவான்."

காரில் நாலு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று. "பிச்ச போடுறியா?" என்று ஒருவன் ஒரு பாட்டிலை வாங்கி என் காலடியிலேயே ஊற்றினான்.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"நெல்லிக்குப்பம் பக்கம்."

"நெல்லிக்குப்பத்துல எங்க? எந்தத் தெரு?"

இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று தெரியும். பணக்காரன் என்று நினைத்தால் கல் விழும். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் என்ன விழும் என்று தெரியாது. பொய் சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வேன்.

"மாதா கோயில் தெரு," என்றேன்.

அவர் முகம் தளர்ந்தது. "அட, காலனியா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். ஒரு சிரிப்பு ஆளுக்கு ஆள் பரவியது. "மந்திரின்னு நெனச்சி மறிச்சிட்டோம்டா. உடுங்க, போவட்டும்."

பனைமரத்தைப் புரட்டினார்கள். நான் வண்டியை நகர்த்தும்போது இளைஞன் ஒருவன் அரிவாள் முனையைப் பானட்டில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தான். தகடு கிறீச்சிடும் சத்தம் பல்லைக் கூசச் செய்தது. அவன் அவசரப்படவில்லை. நானும் வேகமெடுக்கவில்லை. முட்லூர் வந்த பிறகுதான் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, பானட்டில் விழுந்த நீளக் கோட்டைத் தடவிப் பார்த்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சிதம்பரம். கோபுரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீதிகளில் தகரக் கூரைகளும் விளம்பரத் தட்டிகளும் குப்பையாகச் சேர்ந்து கிடந்தன. ஸ்டெல்லா மாடியில் ஈரப் பாடப் புத்தகங்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். காரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "இதையா எடுத்தாந்த? உனக்கு அறிவிருக்காண்ணா?" என்றாள்.

கடலூரில் சித்தி வீட்டில் கொஞ்ச நாள் அவளை விடலாம் என்று முடிவு செய்தோம். வந்த வழியே திரும்ப எனக்குத் துணிவில்லை. புவனகிரி, சேத்தியாத்தோப்பு, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று சுற்றிப் போனால் தூரம் ஜாஸ்தி, மறியல் குறைவு என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார்.

வடலூரில் சத்திய ஞான சபைக்கு வெளியே சாப்பாட்டு வரிசை நீண்டிருந்தது. வீடிழந்தவர்கள், கைக்குழந்தைக்காரர்கள். நான் நிறுத்தாமல் போகப் பார்த்தேன். பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் வாளியோடு சாலைக்கே வந்து, "சாப்ட்டுப் போங்க, ரெண்டு பேரும் வாடிப் போயிருக்கீங்க" என்றார். தரையில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டோம். அன்று அந்தக் காரை ஏறெடுத்துப் பார்க்காத ஒரே மனிதர் அவர்தான்.

வடலூர் தாண்டினால் முந்திரித் தோப்புகள். தோப்புகள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். நின்ற மரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பலாமரங்கள் வேரோடு புரண்டு, வேர்கள் ஆள் உயரத்துக்கு மேல் மண்ணோடு நின்றன. மூன்று மணி வெயில் மறைக்க ஒன்றுமில்லாமல் தரையில் அடித்தது. அந்தச் சாலையில் தனியாக ஒரு பெண் கையை உயர்த்தியபடி ஓடி வந்தாள். கார் கிட்டே வந்ததும் உயர்த்திய கையைக் கீழே போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.

நான் கடந்து போய்விட்டேன். காலையில் பட்டதே போதும் என்றிருந்தது.

"அண்ணா, நிறுத்து. அந்தம்மா புடவையெல்லாம் ரத்தம்."

பின்னோக்கி எடுத்தேன். அவள் பெயர் அஞ்சலை. புருஷன் தனபால், சாய்ந்த பலாமரத்தை வெட்டும்போது கிளை எகிறி அடித்துவிட்டது. தலை பிளந்திருந்தது. ஒரு தொடை கோணிக் கிடந்தது. மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ஊர் ஆட்கள் எல்லாரும் நிவாரணத்துக்குப் பெயர் கொடுக்கப் போயிருந்தார்கள். ஆம்புலன்சுக்குச் சொல்லப் போன் இல்லை.

"கைய ஏன் எறக்கிட்டீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"இந்த மாதிரி வண்டியெல்லாம் நிக்காதும்மா."

மூவருமாக அவரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். அந்த நிலையிலும் அவள் ஒரு சாக்கை மடித்துச் சீட்டில் விரித்தாள். "வீணாப் போயிடும்" என்றாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. ஸ்டெல்லா துப்பட்டாவைக் கிழித்து அவர் தலையைச் சுற்றிக் கட்டினாள். குறிஞ்சிப்பாடியில் ஒரு கிளினிக் பூட்டிக் கிடந்தது. கடலூர்தான். வழி முழுக்க அஞ்சலை அவர் மூக்குக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

மாலை நாலேகால். கடலூரில் ஒரு மருத்துவமனை. வாசலில் கல்யாணக் கூட்டம்போல் ஜனம். ஓடு விழுந்தும் சுவர் சரிந்தும் அடிபட்டவர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள். ஸ்ட்ரெச்சரில் தனபாலை உள்ளே கொண்டுபோனார்கள், ஸ்டெல்லாவும் கூட ஓடினாள். அஞ்சலை கூட்டத்தில் சிக்கி வாசலிலேயே பின்தங்கிவிட்டாள். என் சட்டை முழுக்க ரத்தம். நான் காரின் கதவைச் சாத்தித் திரும்பியபோது ஒரு குரல் கேட்டது.

"காரு இடிச்சிட்டான்டா!"

"இல்லீங்க," என்றேன். அது யாருக்கும் கேட்கவில்லை.

"முன்னாடி பாரு, பானட்டுல கோடு விழுந்திருக்குது. இழுத்துட்டு வந்திருக்கான்."

காலையில் அரிவாள் போட்ட கோடு. அதை எப்படி விளக்குவது? யாரோ சட்டைக் காலரைப் பிடித்தார்கள். சாவி என் கையிலிருந்து போனது. முதுகில் ஓர் அடி விழுந்தது, கன்னத்தில் ஒன்று. கப்பலில் ஒருமுறை என்ஜின் அறையில் தீப் பிடித்திருக்கிறது, அப்போதுகூட எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இங்கே கதவே இல்லை. நாலு பக்கமும் முகங்கள். அவர்களில் யாருக்கும் என்மேல் தனிப்பட்ட பகை கிடையாது என்பதுதான் அதிகம் பயமுறுத்தியது.

வாசலில் காவலுக்கு நின்ற ஏட்டு ஒருவர் வந்து இடையில் நுழைந்தார். "யாரு கூட வந்தது?" என்று கேட்டார். அஞ்சலையை முன்னால் தள்ளினார்கள். அவள் கைகள் முழங்கை வரை சிவப்பாக இருந்தன.

"ஒன் புருசனாம்மா? என்னா ஆச்சு?"

அவள் வாய் திறப்பதற்குள் ஒருவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். எனக்கும் கேட்டது. "காரு இடிச்சிதுன்னு சொல்லும்மா. பெரிய வண்டி, இன்சூரன்ஸ் இருக்கும். லட்சக்கணக்குல வரும். மரம் அடிச்சிதுன்னா ஒரு ரூவா வராது."

அஞ்சலை அவனைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குப் புரிந்தது. மரம் ஏறிப் பிழைக்கும் ஆள் இனி நடப்பானா என்று தெரியாது. தோப்பு போய்விட்டது. ஒரு வார்த்தை போதும்.

"சொல்லும்மா," என்றார் ஏட்டு.

"பலாமரம் அடிச்சிது," என்றாள். பிறகு உரக்க, "மரம்தான்யா அடிச்சிது! இவரு தூக்கியாந்து போட்டாரு. உடுங்க அவர!" என்று கத்தியவள், அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மரத்தடியிலிருந்து அதுவரை அவள் அழுது நான் பார்க்கவில்லை.

காலரை விட்டார்கள். சாவியை யாரோ பானட் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரவு எட்டு மணிக்கு, உயிருக்கு ஆபத்தில்லை, தொடையில் கம்பி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில் அஞ்சலைக்கு இட்லி வாங்கிக் கொடுத்தோம். அவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்புடலாம்னுதான் சார் தோணிச்சு," என்றாள். "நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு."

"தெரியும்மா."

"தெரியுமா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஸ்டெல்லாவைச் சிதம்பரத்தில் விட்டுத் திரும்பும்போது அவர்களைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில்தான். தனபால் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். "வாங்க மச்சான்" என்று ஏதோ வெகுநாள் சொந்தம்போல் கூப்பிட்டார். கால் இன்னும் ஊன்ற முடியவில்லை. அஞ்சலை என் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி கொண்டாரலையா?"

"இல்லம்மா. எதுக்கு வம்பு?"

அவள் முகம் வாடியது. "ஊருல ஒருத்தரும் நம்பல சார். காருதான் இடிச்சிதாம், நீங்க பணம் குடுத்து என் வாய அடைச்சிட்டீங்களாம். எவ்வளவு வாங்கினன்னு எங்க நாத்தனாரே கேக்குறா. நீங்க வண்டியில வந்திருந்தா, மிச்சப் பணம் குடுக்க வந்தாருன்னு சொல்லுவாங்க. பஸ்ல வந்துட்டீங்க, பயந்துகிட்டு வந்தாருன்னு சொல்லுவாங்க."

வாங்கி வந்த ஆரஞ்சுப் பையை அவளிடம் கொடுப்பதற்கே கை தயங்கியது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வந்து பையை வாங்கி, எல்லாரும் பார்க்கும்படி வாசற்படியில் கொட்டி, ஒரு பழத்தை எடுத்து உரித்தாள்.

கிளம்பும்போது, "நானும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வர்றேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "வர்றேன்" என்று செருப்பை மாட்டினாள். தெரு நெடுக என் பக்கத்திலேயே, புயலில் போன மரங்களைப் பற்றியும் மருத்துவமனை இட்லியைப் பற்றியும் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். குரல் நடுங்கியது, ஆனால் தணியவில்லை.

கடலூர் பஸ் வந்தது. டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவள் வந்த வழியே நடந்துகொண்டிருந்தாள். சென்னையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் என் காரைவிட விலை கூடிய கார்கள் ஐந்தாறு நிற்கின்றன. அவை யாருடையவை என்று யாரும் கேட்பதில்லை. பஸ்ஸிலும் என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குறிஞ்சிப்பாடி தாண்டும்போது என் பயம் அடங்கிவிட்டது. அஞ்சலை அந்நேரம் அந்தத் தெருவைப் பாதி கடந்திருப்பாள், இந்த முறை தனியாக.