மகனை இழந்த தாய் பாடியது

எட்டு வயதில் நான் செத்துப்போனேன். நானாகச் சொல்லவில்லை, அச்சில் இருக்கிறது. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த ஒரு தடித்த புத்தகத்தில், ஒப்பாரிகள் என்ற பகுதியில், ‘மகனை இழந்த தாய் பாடியது’ என்ற தலைப்பின் கீழ் அந்தப் பாட்டு இருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில் ‘பாடியவர் பெயர் தெரியவில்லை’ என்றும் போட்டிருக்கிறார்கள். பாடியது என் அம்மா. இழந்த மகன் நான். அந்தப் புத்தகத்தை ஹட்டனில் ஒரு கடையில் முழு விலை கொடுத்து வாங்கி வந்தவனும் நான்தான்.

நான் தப்பு மேளம் அடித்துப் பாடுகிறவன். தோட்டத்துத் திருவிழா, கலியாண வீடு, இப்போது கொழும்பு மேடைகள் என்று பல வருடமாக இதுதான் பிழைப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கதையைச் சொல்லிவிட்டுப் பாடுவது என் வழக்கம். தோட்டத் துரையின் நாய் ஜீப்பில் போக, நிறைமாதக்காரி அதே பாதையில் நடந்து போன பாட்டுக்குச் சபை கைதட்டும். கடைசியில் யாராவது ஒருவர் துண்டுச் சீட்டு எழுதி அனுப்புவார்: அந்த ஒப்பாரியைப் பாடுங்கள். இப்போது அது பிரபலமான பாட்டு. கித்தார் வைத்துப் பாடுகிறார்கள், பின்னால் புல்லாங்குழல் வேறு. நான் பாடமாட்டேன். எனக்குத் தலைக்கனம் என்று அறிவிப்பாளர்கள் பேசிக்கொள்வது காதில் விழும். விழட்டும். அதன் கதையை மேடையில் சொன்னால் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் போகிற பாதையிலிருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. அன்று எனக்கு லேசாகக் காய்ச்சல். அம்மா பாதி மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் கொழுந்தெடுக்கப் போனாள். அப்பா தூரத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா இருந்தாள். வேலையிலிருந்து நின்றுவிட்ட அத்தை. எங்கள் தோட்டத்தில் எந்த லயத்து வரிசை வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். அவள் போய் உட்கார்ந்து குரல் எடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு அழுகையே வரும்.

பத்து மணிபோல மாமா ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. தப்பு அடிப்பதில் கெட்டிக்காரர், வெளியாட்களிடம் நல்ல பெயர் எடுப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். வந்தவர் கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவர். எங்கள் பாட்டுகளை ஆராய்ச்சி செய்கிறாராம். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை காலுறை போட்டு, அதன்மேல் சவர்க்காரம் தேய்த்திருந்தார். தோளில் டேப் ரெக்கோடர். ‘ஐயா, ஐயா’ என்று மாமா அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அத்தை தாலாட்டுப் பாடினாள், கும்மி பாடினாள். ஐயாவுக்கு ஒப்பாரிதான் வேண்டும். அத்தை முடியாதென்று சொல்லிவிட்டாள்.

“எழவு விழாத வீட்ல ஒப்பாரி வைக்கிறதா? அது சாவை வெத்தலை பாக்கு வச்சி அழைக்கிற மாதிரி. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க தம்பி, இது மட்டும் வேணாம்.”

ஐயா கெஞ்சிப் பார்த்தார். நாளைக்கே எல்லாம் அழிந்துவிடும், பதிவு செய்தால் நிலைக்கும் என்றார். அத்தை அசையவில்லை. அப்போதுதான் மாமாவின் மூளை வேலை செய்தது.

“பொணம் இல்லாம பாடக் கூடாது, அவ்வளவுதானே? ஒரு பொணத்தைப் படுக்க வச்சிட்டா போச்சு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அத்தை அதற்கும் முதலில் சம்மதிக்கவில்லைதான். ஆனால் அவளையும் நான் சும்மா விடப்போவதில்லை. அவள் குரலை ஒருவர் மலை ஏறி வந்து கேட்பது அதுவே முதல் தடவை. அந்த ஆசை அவள் முகத்தில் இருந்தது. எனக்கு விலை இன்னும் மலிவு. அசையாமல் படுத்திருந்தால் டேப்பின் சிவப்புப் பொத்தானை அமுக்க விடுவதாக மாமா சொன்னார், அது போதுமாக இருந்தது.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் நடுவில் பாய் விரித்து, என்னைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். கால் பெருவிரல் இரண்டையும் நூலால் சேர்த்துக் கட்டினார் மாமா. நெற்றியில் காசு வைத்தார், தலைமாட்டில் விளக்கு ஏற்றினார். அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்து முகம்வரை மூடினார். எல்லாவற்றையும் ஒரு குறையும் இல்லாமல் செய்தார், பாவி மனிதர்.

அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து தொடங்கினாள். ஒப்பாரியை யாருக்கோ பொதுவாகப் பாட முடியாது. செத்தவன் பாடுகிறவளுக்கு என்ன முறை என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘எந்தம்பி பெத்த மகனே’ என்று அவள் கூப்பிட்டாள். நல்ல குரல், மலைக் குரல். அது காம்பராவுக்குள் நிற்குமா? லயத்துக்குக் கீழே இருக்கும் மலையில்தான் அன்று பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரே மகன். காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்த மகன். கீழே நின்றவர்களில் ஒருத்திக்கு வேறு கணக்குப் போடத் தேவையே இருக்கவில்லை.

அம்மா வந்தது எனக்கு முதலில் சத்தமாகத்தான் தெரிந்தது. சாக்கடைக் கானைத் தாண்டி, படியில் இடறி, அழுதுகொண்டே வந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் அந்த அழுகை பாட்டாக மாறியது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டு, “ஏ புள்ள, இல்லடி, இங்க பாரு” என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் வாயைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு பாடினாள். மாமா எழுந்தார். வேட்டித் துணி மெல்லியது, எனக்கு நிழலாகத் தெரிந்தது. ஐயா ஒரு கையால் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். மற்றக் கையின் விரலைத் தன் உதட்டில் வைத்தார். மாமாவும் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வார்த்தை போதும். ‘பையன் சும்மா படுத்திருக்கிறான்’ என்று ஒரு வார்த்தை. அந்தப் படிப்பாளி அதைச் சொல்லவில்லை. டேப் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பாடியது இது.

பச்சைக் கொழுந்தெடுத்துப் பத்துவிரல் தேஞ்சேனே
பாயில நீ படுக்கப் பார்க்கவா ஓடி வந்தேன்
ஆயிரம் பேர் நடுவே அடையாளம் உன் சிரிப்பு
அதையும் மூடிவிட்டு ஆருக்குக் காட்டப் போறே
முந்திப் பொறந்தவளை முழுசா வாங்கிக்கிட்டே
மிச்சம் இருக்குதுன்னு மெதப்பா நடந்தேனே
ரெண்டும் உனக்குன்னா எனக்கென்ன மலைத்தாயே

முந்திப் பிறந்தவள் என் அக்கா. எனக்கு அக்கா ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாது, வீட்டில் யாரும் சொன்னதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் போனவள். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டபோது, தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு வரட்டும் என்று தோட்டத்தில் சொன்னார்களாம். லொறி வந்தபோது பிள்ளை இல்லை. அன்றும் அம்மா வேலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். இதையெல்லாம் அத்தை எனக்குச் சொன்னது எனக்கு மீசை முளைத்த பிறகு. புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே ‘மலையைத் தாய்த் தெய்வமாகக் கருதும் மரபு’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். லொறியைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

அம்மா வேட்டியை இழுத்து என்னை வாரி எடுத்தபோது காசு விழுந்து உருண்டது. என் கன்னத்தைத் தன் கன்னத்தோடு வைத்தவள் அப்படியே நின்றாள்.

“சுடுது,” என்றாள்.

பிறகு என்னை ஒரு அறை அறைந்தாள். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு இன்னொரு அறை. மாமா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஐயா மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“அம்மா, அந்தக் கடைசி அடி சரியாக விழவில்லை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?”

அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் பிறகு யாரிடமும் கண்டதில்லை. சத்தம் போடவில்லை. “அந்தப் பெட்டிக்குள்ள எம்மவன் செத்துக் கெடக்கான். அதை எடுத்துக் குடுத்துட்டுப் போங்க,” என்றாள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடிய ஒப்பாரி உலகத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் அது பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஐயா தயங்கினார். திரும்பி நின்று பையைத் துழாவினார். ஒரு கசட்டை எடுத்து நீட்டினார். அம்மா அதை வாங்கி நேராக அடுப்பில் போட்டாள். காம்பராவெல்லாம் புகை, மூச்சு முட்டும் நாற்றம். கடைசித் துண்டு உருகும்வரை அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை.

அவர் கொடுத்தது வெறும் கசட். ஒன்றும் பதியாதது.

அது எங்களுக்குத் தெரிய ஒன்பது வருடம் ஆயிற்று. பொகவந்தலாவை கடைத்தெருவில், ஒரு தேத்தண்ணிக் கடை ரேடியோவில், அம்மா தன் குரலையே கேட்டாள். வாங்கிய அரிசியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். அன்றிலிருந்து இன்றுவரை நான் வீட்டில் இருமினால் அவள் எழுந்து உட்காருகிறாள். எனக்கு இப்போது தலை நரைக்கிறது, இன்னும் உட்காருகிறாள். அந்தப் புத்தகத்தைத் தொகுத்த ஐயாவை ஒரு விழாவில் பிடித்துக் கேட்டேன். தலைப்பையாவது மாற்றுங்கள், நான் உயிரோடு இருக்கிறேன் என்றேன். என் தோளைத் தட்டி, “அது இலக்கியம், தம்பி,” என்றார். மாமாவுக்கு அந்தக் கசட் விஷயம் அன்றே தெரியுமா என்று அவர் சாகும்வரை கேட்டேன். சிரிப்பார். அவர் சாவில் நான் தப்படிக்கவில்லை.

ஆனால் அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. அம்மா அழுதுகொண்டு வந்தபோது நான் ஏன் எழுந்திருக்கவில்லை? வாய் திறந்து ‘அம்மா’ என்றிருந்தால் முடிந்திருக்கும். சிவப்புப் பொத்தான் அப்போது எனக்கு மறந்தே போயிருந்தது.

அன்று விளக்கு வைக்கிற நேரம் அம்மா என்னை அடுப்படியில் உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். கால்விரலில் மாமா கட்டிய நூல் இன்னும் இருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு கேட்டாள்.

“எங்குரலு கேட்டுச்சில்ல? ஏண்டா எந்திரிக்கல?”

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அதுவரை அம்மா என்னை எருமை என்றும் தண்டம் என்றும்தான் சொல்லியிருக்கிறாள். என் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும் என்பதே அன்றுதான் தெரிந்தது. இன்னும் என்னவெல்லாம் சொல்வாள் என்று கேட்கவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

“நல்லா இருந்துச்சும்மா,” என்றேன்.

“என்னடா நல்லா இருந்துச்சு?”

அன்று முழுவதும் எல்லோரிடமும் ஏச்சு வாங்கியிருந்தேன். இப்போது அம்மாவே கேட்கிறாள். சந்தோஷமாகிவிட்டது. எந்தப் பாட்டானாலும் ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும், அப்படியே நின்றுவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, அவள் இழுத்த இடத்தில் இழுத்து, அவள் விம்மிய இடத்தில் விம்மி, பச்சைக் கொழுந்தெடுத்து என்று பாட ஆரம்பித்தேன். மூன்றாவது அடியில் அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ராகம் எங்கோ பிசகிவிட்டது என்று நினைத்தேன். அவள் கையை விலக்கிவிட்டு, இந்தத் தடவை பிழையில்லாமல் பாடிக் காட்டுவதற்காக மறுபடியும் முதலடியிலிருந்து ஆரம்பித்தேன்.