குடமிளகாய்க்காகக் கேளம்பாக்கம் வரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் மனைவி கயல். மூன்றாவது மாதம். ஒரு வாரமாகச் சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. தாளிக்கிற வாசனை வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுகிறாள். இப்படியே போனால் திங்கட்கிழமை அட்மிட் செய்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குப் பயம்தான், சொல்வதில் என்ன வெட்கம்? அப்போதுதான், கல்யாணமான புதிதில் ஓ.எம்.ஆரில் சாப்பிட்ட, கறி அடைத்த லெபனான் ஸ்டஃப்டு குடமிளகாய் வேண்டும் என்றாள். அந்தக் கடையை எப்போதோ மூடிவிட்டார்கள். புரட்டாசி வேறு, கறி கிடையாது. நானே சைவமாகச் செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி, தாம்பரம் மார்க்கெட். பாத்திரத்தில் சாயாமல் நிற்க வேண்டுமே என்று குடமிளகாய்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். காய்க்கார அக்கா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"இன்னா சார், ஸ்கூல் பசங்களாட்டம் லைன்ல நிக்க வெச்சிகினு கீற?"

பார்ஸ்லி இலை கேட்டேன். கொத்தமல்லியை நீட்டி, இதுவும் பச்சைதான் என்றார்.

நான் கேட்டால்தானே. பைக்கில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பள்ளிக்கரணையில் தேடினேன். ஆலிவ் எண்ணெய் இருந்தது, பார்ஸ்லி இல்லை. கேளம்பாக்கத்தில் கிடைக்கும் என்றார்கள். இன்னும் இருபது கிலோமீட்டர். அங்கே ஒரு கட்டு எண்பது ரூபாய், பெட்ரோல் அதைவிட அதிகம். வண்டலூர் வழியாக வெயிலில் திரும்பியபோது பார்ஸ்லியும் நானும் ஒரே மாதிரி வாடியிருந்தோம்.

வீட்டில் கயலின் அம்மா, என் அத்தை, பம்மலிலிருந்து வந்திருந்தார். புரட்டாசி சனிக்கிழமையில் அடுப்பில் எது வெந்தாலும் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் வாயில் வைக்கலாம். வெங்காயத்துக்கும் தடை. அரைவேக்காட்டு அரிசி, வெந்த கொண்டைக்கடலை, தக்காளி, புதினா, பார்ஸ்லி, பட்டைத் தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு, எல்லாவற்றையும் ஆலிவ் எண்ணெயில் பிசைந்து குடமிளகாய்க்குள் அடைத்தேன். மேலே தக்காளிச் சாற்றை ஊற்றி மூடி, சிறு தீயில் வைத்தேன். ருசி பார்க்கக் கை பரபரத்தது. அத்தை கண்ணாலேயே அடக்கினார்.

"பெருமாளுக்கு இது ஒத்துக்குமா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

படைத்து முடித்து ஒரு வாய் வைத்தேன். ஐயோ, உப்பு! கடலில் விழுந்து எழுந்தது போல இருந்தது. மாப்பிள்ளை மறந்திருப்பார் என்று, நான் குளிக்கப் போன நேரத்தில் அத்தையும் தாராளமாக உப்புப் போட்டிருக்கிறார். பெருமாளிடம் மன்னிப்புக் கேட்பதா, கயலிடம் கேட்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அதற்குள் கயல் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டாள். முகம் சுளித்தது. போச்சு என்று நினைத்தேன்.

"அம்மா, கொஞ்சம் தயிர் சாதம் பிசைஞ்சு குடு" என்றாள்.

ஊறுகாய் போலக் குடமிளகாயை ஓரமாகக் கடித்துக்கொண்டு இரண்டு கிண்ணம் தயிர் சாதம் சாப்பிட்டாள். நானும் அத்தையும் மூச்சை அடக்கிக்கொண்டு பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நன்றாகத் தூங்கிப்போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளும் அதையே கேட்டுச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை டிரிப்ஸ் தேவைப்படவில்லை.

செய்து பார்க்கப் போகிறவர்களுக்கு: அடி தட்டையான குடமிளகாயாக வாங்குங்கள். பார்ஸ்லிக்காகக் கேளம்பாக்கம் வரை அலையாதீர்கள், தாம்பரத்துக் கொத்தமல்லி போதும். ஆனால் வீட்டில் வாந்தியும் மயக்கமுமாக ஒருத்தி இருந்தால், உப்பை மட்டும் இரண்டு பேர் போடுங்கள்.