இடது கையால் எழுதிய புகார்

செவந்தியக்கா போய்விட்டார். வியாழக்கிழமை காலை, சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அவருடைய மகன் கதிரேசன் தொலைபேசியில் அழைத்தான். "அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்கண்ணே." பிறகு அவனே சொன்னான்: "பேப்பர்ல போட நீங்கதான் எழுதணும். தொரையையே எதுத்து அம்மா பெட்டிசன் எழுதுனத மறந்துடாதீங்க."

அந்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.

ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவரோடு பால் மரம் வெட்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள். அக்காவை உங்களுக்குத் தெரியும். தோட்ட மேனேஜரான துரை வந்தால் நாமெல்லாம் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்போம். அக்கா மட்டும் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு தன் பாட்டுக்கு நடப்பார். நான் அப்போது ஆபீசில் பெரிய கிராணிக்குக் கீழே எழுத்து வேலை பார்த்த சின்னக் கிராணி.

ஒரு வருடம், தொழிலாளர் குடியிருந்த லயத்துக் குழாய்களில் சேறு கலந்த தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். பொறுக்க முடியாமல் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு புகார் எழுதினேன். பேர் போடவில்லை. எழுத்தும் அடையாளம் தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதினேன். தபாலில் போடுமுன் அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். தாளை எட்டிப் பார்த்தவர், "என்னா இது, கோழி கிண்டுன மாரி இருக்கு? வலது கை மெடிக்கல் லீவு போட்டுருச்சா?" என்று சிரித்தார்.

அந்தக் கடிதம் எப்படியோ துரையின் கைக்கே வந்து சேர்ந்தது. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் அதைத் தூக்கிக் காட்டினார். எழுதியவன் முன்னால் வர வேண்டும், வராவிட்டால் ஒருவருக்கும் வேலை இல்லை என்றார். பெரட்டுப் புத்தகம் என் கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செவந்தியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனார். "நான்தான் தொரை எழுதுனேன்." தன் பேரை மட்டும் கோணல்மாணலாக எழுதத் தெரிந்தவர் அவர். என் இடது கை எழுத்தும் அப்படித்தான் இருந்தது. துரை பார்த்திருந்தது அவருடைய அந்தக் கையெழுத்தை மட்டும்தான்; நம்பிவிட்டார்.

அந்த வாரமே அக்காவை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றியபோது நான் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அக்கா ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. பெரட்டுப் புத்தகத்தில் அவர் பேரை அடித்தவனும் நான்தான்.

முப்பது வருடம் கழித்து அதை நாவலாக எழுதினேன். பேர்களை மாற்றினேன். நாவலில் வரும் சின்னக் கிராணியும் முதல் நாள் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறான். ஆனால் மறுநாள் பெரட்டில் முன்னால் வந்து உண்மையைச் சொல்லிவிட்டு, பழியை ஏற்றவள் ஏறிய அதே லோரியில் தானும் ஏறிப் போகிறான். வெளியீட்டு விழாவில் கோழைத்தனம், குற்ற உணர்வு, மீட்சி என்று ஒருவர் மேடையில் நீளமாகப் பேசினார். நான் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

ஒரு பிரதியை, அக்கா மகனோடு இருந்த அம்பாங்கான் வீட்டில் கொடுத்தேன். மருமகள் தினம் கொஞ்சமாக அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த மாதம் போனபோது, "கதைக்காக ஒரு கிராணியச் சேத்துட்டீங்க, நல்லாருக்குண்ணே," என்று சொல்லிவிட்டுக் கதிரேசன் வேலைக்குக் கிளம்பினான். அவன் போனதும் அக்கா பேசினார். "நல்லாத்தான் எழுதியிருக்க குணா. ஒன் கதையில வர்ற பையனுக்கு ஒரு ராத்திரிதான் தூக்கம் போச்சி. ஒனக்கு எத்தன?"

எழுதியது நான்தான் என்று கதிரேசனிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"நான் ஏன் சொல்லணும்? அது ஒன் வேல லா. தேத்தண்ணி ஆறுது, குடி."

குடித்துவிட்டு வந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் முறுக்குத் தின்றுவிட்டுச் சொல்லாமலே திரும்பினேன். இனிப் போனாலும் அவர் இருக்கமாட்டார்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று அம்பாங்கான் போனேன். அக்காவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து கதிரேசனுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த லோரி ஏறுனதோட எனக்குப் பள்ளிக்கூடம் நின்னுபோச்சி. தெரியுமாண்ணே?" என்றான். தெரியும் என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. நான் செருப்பை மாட்டும்போது வாசல்வரை வந்தான்.

"அப்படியே போடுங்க. இந்தத் தடவ பேர மாத்தாதீங்க."

மாற்றவில்லை. அந்தப் புகாரை எழுதியவன் சின்னக் கிராணி குணசேகரன். செவந்தியக்கா அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதியவன் நிற்க வேண்டிய இடத்தில் அவர் போய் நின்றார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்விதான். எத்தனை ராத்திரி என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. ஆனால் இதை வலது கையால் எழுதியிருக்கிறேன்.