திரும்பி வந்த மாத்திரைகள்

மதுரை ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி மருந்து கொடுக்கிற அக்கா அவர். ஒல்லியான உடம்பு. அட்டையை விரலால் தடவித் தடவித்தான் மாத்திரை எண்ணுவார்.

அவர் கொடுத்தது, அண்ணனுக்கு வைத்த மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமல் அடக்கிவைக்கிற மாத்திரை. அண்ணன் செத்தபின் மீதியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"இம்புட்டு மிச்சம் இருக்கே தம்பி?"

"அண்ணே பொழச்சதுக்கு மாரியம்மனுக்கு வெரதம் இருந்துச்சுக்கா. பகல்ல பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல, மாத்திரையும் போடல. நீங்க கேட்டப்ப நான்தான் ஒழுங்காப் போடுதுன்னு பொய் சொன்னேன்."

அவர் திட்டவில்லை.

"இத எழுதணும்ப்பா. இல்லேன்னா மருந்து மேல பழி விழுந்துரும். அடுத்த ஆளுக்குக் கெடைக்காமப் போயிரும். எழுதட்டுமா?"

தலையாட்டினேன். எழுதி முடித்துவிட்டு, "நீ பொய் சொன்னத எழுதல" என்றார்.

ஏன் விட்டார் என்று இன்னும் விளங்கவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.