பன்னிரண்டு மணிக்குப் போட்ட கையெழுத்து

அம்மாவின் கையில் எப்போதும் பசை வாசம் அடிக்கும். சோறு பிசைந்து கொடுத்தால் சோற்றிலும் அந்த வாசம்தான்...

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் அட்டையில் தினசரித் தாள் ஒட்டுகிற வேலை அம்மாவுக்கு. ஊர் உலகமெல்லாம் கிழிக்கப்போகிற ராகுகாலமும் நல்ல நேரமும் முதலில் அம்மாவின் கையைத் தாண்டித்தான் போகும். அதனாலோ என்னவோ, எங்கள் வீட்டில் ராகுகாலத்தில் கடைக்கு எண்ணெய் வாங்கக்கூட ஆள் போகாது.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்து, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சேரப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. துணைக்கு அம்மா. அதே பள்ளிக்கு ஆர்டர் வாங்கிய பரிதாவும் அவளுடைய அத்தாவும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள். பஸ் மாறிப் போய் இறங்கும்போது பத்தரை தாண்டிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்!

பரிதா நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு தாயி. இம்புட்டு வருசம் வேலைக்குக் காத்துக் கெடந்துட்ட... இன்னும் செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?"

ஹெச்.எம். சாரும் நம்பிக்கை உள்ளவர். "அதுவும் சரிதாம்மா. பன்னெண்டு தாண்டட்டும், போடுங்க" என்றார்.

சும்மா உட்கார முடியவில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. போய்த் தூக்கினேன். பிறகு அந்த வகுப்பிலேயே பாட்டு, கதை, அ, ஆ... சேராத வேலையை மதியம் வரை பார்த்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல் கையெழுத்துப் போட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் சார் 'பிற்பகல்' என்று எழுதினார். பரிதாவுக்கு 'முற்பகல்'. பரிதாவும் நானும் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறந்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே வீடு பிடித்துக்கொண்டேன். அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும். பள்ளி திறப்பதோ ஒன்பது மணிக்கு. நடுவில் பிள்ளைகளை யார் பார்ப்பது? சாவியை நானே வாங்கி வைத்துக்கொண்டு ஏழரைக்கு கேட்டைத் திறக்க ஆரம்பித்தேன். மருந்து படிந்து வெள்ளியாக மினுங்கும் விரலால் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டு, "பாத்துக்கிடுங்க டீச்சர்" என்று வேனில் ஏறுவார்கள். நான் தலை சீவிவிடுவேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வேன். மணி அடிப்பதற்குள் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடமே நடந்து முடிந்திருக்கும்.

அப்புறம் இங்கிலீஷ் மீடியம் பள்ளி வேன் ஒன்று ஊருக்குள் வர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு வருஷம், இங்கே ஒரு ஆசிரியர் உபரி என்று சொல்லிவிட்டார்கள். பணி நிரவல்... அதாவது, பள்ளியில் யார் ஜூனியரோ அவர் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஜூனியர் யார்? பரிதாவும் நானும் சேர்ந்தது ஒரே நாள். வேளையும் ஒன்றாக இருந்திருந்தால் வயதில் மூத்த நான்தான் சீனியர். ஆனால் அவள் முற்பகல், நான் பிற்பகல்.

"சார், அவ காலையிலயே வந்து ஒண்ணாங்கிளாஸ்ல உக்காந்திருந்தா. நான் கண்ணால பாத்தேன்" என்று பரிதா அழுதாள். "அப்போ என்னைய அனுப்புங்க சார்..."

சார் தலை நிமிரவில்லை. "மாத்திக்கிட வழியில்லம்மா. எழுதுனது எழுதுனதுதான்."

வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தாய்மார்கள் வந்து நின்றார்கள். "நீங்க போயிட்டா கேட்டை யாரு தொறப்பாக டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

என்னைத் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போட்டார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "நாந்தான தாயி ஒன்னைய உக்கார வச்சேன்" என்று ஒரே வார்த்தைதான். அதன்பிறகு அம்மா எங்களுக்கு நேரம் பார்த்துச் சொல்லவே இல்லை. கம்பெனியில் மட்டும் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

சில வருஷம் கழித்து இடமாறுதல் கேட்டு விருதுநகர் கவுன்சிலிங்குக்குப் போனேன். ஹாலில் பரிதா உட்கார்ந்திருந்தாள்! அவளும் உபரி.

"நானும் ஏழரைக்கு வந்து தொறந்துரலாம்னுதான் பாத்தேன் செல்வி... சிவகாசியில இருந்து அந்நேரத்துக்கு பஸ் இல்லயே. பிள்ளைகள எங்கன விட்டுட்டுப் போவாக? கம்பெனி வேன் வர்ற நேரத்துக்கு அந்த ஸ்கூல் வேனும் வருது. ஏத்தி விட்டுட்டாக."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதோம். பெயர் கூப்பிட்டபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

இப்போது நான் ஹெச்.எம். சமீபத்தில் ஒரு பெண் புதிதாகச் சேர வந்தாள், அம்மாவோடு. அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான், என்ன செய்ய! இப்போது தாள் கிழிக்க வேண்டியதில்லை, போனே ராகுகாலம் சொல்லிவிடுகிறது. அந்தம்மா போனைப் பார்த்துவிட்டுத் தயங்கி, "பன்னெண்டு தாண்டட்டுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். அப்படியே என் அம்மாவின் முகம்... வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சரிம்மா. ஆனா புள்ள அதுவரைக்கும் கிளாஸ்ல இருக்கட்டும்" என்றேன்.

பன்னிரண்டு தாண்டியதும் வந்து கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் 'முற்பகல்' என்று எழுதினேன். தப்புத்தான்... யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அவள் முற்பகலில்தானே வந்தாள்? நானும் அப்படித்தானே வந்தேன்...

அன்றைக்கு எனக்கும் அந்த ஒரு வார்த்தை விழுந்திருந்தால், அந்த கேட் இன்னும் கொஞ்ச வருஷம் ஏழரைக்குத் திறந்திருக்கும்.