டிரெய்லர் பிரேக்கில் தொங்கிய பை

என் மாமியார் என் டிரெய்லரில் ஏறியது ஒரே ஒருமுறைதான். அப்போது அவர் என் மாமியார் இல்லை. ஆவாரா மாட்டாரா என்பதே அன்றைக்குத்தான் முடிவாக வேண்டியிருந்தது.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. நீளமான டிரெய்லர் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தோம். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆனால் எனக்குப் பார்த்த பெண்ணின் அம்மா நாசரேத்தில் பள்ளிக்கூட டீச்சர். எத்தனை சக்கரம் இருந்தாலும் அவருக்கு லாரி லாரிதான், டிரைவர் டிரைவர்தான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண் பார்க்கப் போனபோது அந்தப் பெண் காப்பியைக் கொண்டுவந்து வைத்து, "சீனி பத்தலன்னா சொல்லுங்க" என்றாள். ஒரு மடக்கு குடித்தேன். சீனி அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை. "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடிவரை குடித்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. டீச்சர் "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று அனுப்பிவைத்தார். மூன்று மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் காலை தூத்துக்குடியில் மின்சாரக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு உடன்குடிக்குக் கிளம்புகிறேன், குடையும் பையுமாக டீச்சர் வந்து நிற்கிறார்.

"உடன்குடிக்கு லோடு போறீயளாம்லா? என் தம்பி வீடு அங்கனதான். நானும் வாரேன்."

நாசரேத்திலிருந்து உடன்குடிக்குப் பஸ் இல்லாமலா இங்கே லாரிக்கு வந்தார்? என்னை எடைபோட வந்திருக்கிறார் என்பது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிளீனருக்குக் காய்ச்சல், இடம் காலியாக இருந்தது. ஏற்றிக்கொண்டேன்.

பையில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பர்கள். கீழே வைக்கலாம் என்றால் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. டீச்சர் சுற்றிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு இரும்புப் பிடி நீட்டிக்கொண்டிருந்தது, அதில் என் துண்டு கிடந்தது. துண்டை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, பையை அதில் மாட்டினார்.

அது கொக்கி இல்லை. டிரெய்லருக்கு மட்டுமான பிரேக். காலால் மிதித்தால் வண்டி முழுக்கப் பிடிக்கும். இந்தப் பிடியைக் கீழே இழுத்தால் பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் பிடிக்கும். பின்பாரம் முன்னால் தள்ளி, வண்டி நடுவில் மடியப்போகிற ஆபத்தில், இதை இழுத்தால் வால் இழுத்துத் தலை நேராகும். உயிரைக் காப்பாற்ற வைத்த பிடியில் துண்டைக் காயப்போட்டது நான். டீச்சரை என்ன குறை சொல்வது?

துண்டு கனமில்லை. பரீட்சைப் பேப்பர் கனம். பிடி கொஞ்சம் இறங்கியது, டிரெய்லரும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே வந்தது. "டீச்சர், பையை மடியில வச்சுக்கிடுங்க" என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது. முக்காணியில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆத்தூரில் நாக்கு நுனிவரை வந்தது. வருங்கால மாமியாரிடம் முதல் பேச்சே ‘எடு, வை’ என்றா இருப்பது? இடது முழங்காலைத் தூக்கிப் பைக்கு முட்டுக்கொடுத்தேன். ஆனால் கிளட்ச்சை மிதிப்பதும் அதே கால்தான். கியர் மாற்றும்போதெல்லாம் பை இறங்கும், டிரெய்லர் வெடுக்கென்று இழுக்கும், டீச்சரின் தலை முன்னால் போய்வரும்.

"எப்பமும் இப்படித்தான் ஓட்டுவீயளா?" என்றார்.

"ரோடு சரியில்ல டீச்சர்."

திருச்செந்தூர் தாண்டியதும், "என்னமோ தீயுத வாசம் வருதே, தம்பி?"

"கடக்காத்து டீச்சர்." கடலுக்குப் பிரேக் லைனிங் வாசம் எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை.

ஆலந்தலைக்கு அப்பால் ரோட்டின் மேல் மணல் ஏறிக் கிடந்தது. ஒரு வளைவு திரும்பினால், காய்ந்த பனையோலையை மலையாக ஏற்றிய மாட்டுவண்டி நடுரோட்டில் நிற்கிறது. வண்டிக்காரர் நல்ல தூக்கம். காலால் மிதித்தேன். மணலில் முன்சக்கரம் வழுக்கியது, கம்பங்களின் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன், டிரெய்லர் ஒருபக்கமாக வெளியே வருகிறது. காலை எடுத்துவிட்டுப் பிடிக்குக் கையை நீட்டினால், கையில் சிக்குவது பை.

"ஏளா, பைய எடுளா!"

கத்தியது நான்தான். டீச்சர் சட்டென்று பையை உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிடியை அடிவரை இழுத்தேன். ஏற்கெனவே வெந்துபோயிருந்த பிரேக் முனகியது. பிடிக்காது என்றுதான் நினைத்தேன். பிடித்தது. வால் நேரானது, தலையும் நேரானது, பனையோலை கண்ணாடியை உரசுகிற தூரத்தில் வண்டி நின்றது.

வண்டிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, வழி வேணுமா?" என்றார்.

நான் இறங்கிப் பின்பக்கம் போனேன். சக்கரங்களில் புகை. உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நாசரேத்து டீச்சரை, வீட்டுச் சின்னப்பிள்ளையை ‘அடியே’ என்பதுபோல ‘ஏளா’ என்றவனுக்கு எந்த ஊரில் பெண் கொடுப்பார்கள்? அழுகை வந்தது. டீச்சர் பையோடு இறங்கி வந்தார்.

"அது என்ன கம்பி?"

சொன்னேன்.

"பை தொங்கக்கூடாதுன்னு தூத்துக்குடியிலயே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"மரியாதைக்காக..."

"அன்னைக்கு என் மவ காப்பியில சீனி போட மறந்துட்டா. நீங்க நல்லாருக்குன்னு குடிச்சீய. இந்த ஆளு எதயும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாரோ, உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குவாரோன்னுதான் மூணு மாசமா ரோசன. டிரைவர் வேலைக்கு என்ன கொற?" புகைகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஏளாவ ஆத்தூர்லயே சொல்லியிருக்கணும்."

மீதித் தூரம் பை அவர் மடியில் வந்தது. உடன்குடியில் இறங்கும்போது, "வார ஞாயித்துக்கிழம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுதேன்" என்றார். சர்ச்சில் எல்லார் முன்னாலும் ஓலை வாசித்துவிட்டால் கல்யாணம் உறுதி. குடையை வண்டியிலேயே மறந்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் நான் அதைப் பார்த்ததே தூத்துக்குடி திரும்பிய பிறகுதான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை, நாசரேத்து வீட்டில் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். டீச்சரும் வந்து கதவோரம் நின்றார். ஒரு மடக்கு குடித்தேன். வேப்பங்காய். இருவர் முகத்தையும் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஏளா, இதுல சீனி இல்ல."

டீச்சர், முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த சீனி டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.